லைட் போர்டு அண்ணன்

சபாவில் அரங்கேற்றம் பார்க்க வருகிறவர்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால், கடைசி வரிசைக்கும் பின்னே, கறுப்புத் துணி போர்த்திய கேன்டீன் மேஜை முன் ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரியும். கறுப்பு டி-ஷர்ட், பக்கத்தில் ஆறிப்போன காபி, முகவாய்க்குக் கீழிருந்து அடிக்கும் திரை வெளிச்சம். ஊரார் முகத்துக்கெல்லாம் எந்தக் கோணத்தில் விளக்கு விழ வேண்டும் என்று கம்பி கம்பியாக ஏறி இறங்கும் மனிதர், தன் முகத்துக்குப் பேய்ப்பட லைட்டிங்தான் வைத்திருக்கிறார். அவர்தான் லைட் போர்டு அண்ணன்.

அண்ணனுக்கு மேடையில் ஆட்கள் கிடையாது, எண்கள்தான். மேலே தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் எண் உண்டு. '1 த்ரூ 6 அட் 60' என்று போர்டில் தட்டினால் ஒன்று முதல் ஆறு வரை எல்லாம் அறுபது சதவீதத்தில் வந்து நிற்கும். முதலில் யார் என்று சொல்ல வேண்டும், அப்புறம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும், வித்தை இவ்வளவுதான். இதே பாஷையில் பேசிப் பேசி, "டேய், பன்னெண்டு செத்துடுச்சுடா" என்று அவர் மேடையைப் பார்த்துக் கத்த, முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருந்த பாட்டி ஒருவர் பதறிப்போய், "யாருப்பா, நம்மவாளா?" என்று கேட்டதுண்டு. பெரிய கச்சேரிகளுக்கு ஜெர்மன்காரர்களின் கிராண்ட்எம்ஏ போர்டு வாடகைக்கு வரும். அதில் என்டருக்குப் பதில் 'ப்ளீஸ்' என்றே ஒரு பொத்தான். சபா செயலாளரிடம்கூட 'தயவுசெய்து' சொல்லாத அண்ணன், அன்றைக்கு ராத்திரி முழுக்க அதை அழுத்திக்கொண்டிருப்பார்.

அவருடைய நாள் காலையிலேயே தொடங்கிவிடும். ஆயிரம் வாட் பார் கேன்கள், ஃப்ரெனல்கள், முகத்துக்கு ப்ரொஃபைல்கள், பின்திரைக்கு எல்இடி என்று எல்லாம் மேலே ஏறும். எல்இடிக்கு ஒரே கேபிளில் 512 சானல் போகும். ஒவ்வொரு விளக்குக்கும் அதில் ஒரு விலாசம் வைக்க வேண்டும். இரண்டுக்கு ஒரே விலாசம் விழுந்துவிட்டால், இரட்டைப் பிள்ளைகள் இருக்கிற வீடு மாதிரி, ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் வந்து நிற்கும். கேபிள் பற்றாக்குறைக்கு மைக் கேபிளை எடுத்து மாட்டுவார். அதனால் ஒலிக்காரருக்கும் அவருக்கும் தீராப் பகை. "உன் டிம்மராலதான் என் ஸ்பீக்கர் ம்ம்முன்னு இரையுது" என்பார் அவர். "உன் ஸ்பீக்கர் வேற என்னைக்குப் பேசிச்சு?" என்பார் இவர்.

பிறகு ஃபோகஸ். நர்த்தகி சாயங்காலம்தான் வருவாள் என்பதால் உதவிக்கு இருக்கும் பையனை நடுமேடையில் நிறுத்துவார். பரதநாட்டியக்காரி நிமிர்ந்து நிற்கிற நேரத்தைவிட அரைமண்டியில் இருக்கிற நேரம் அதிகம். நிற்கிற முகத்துக்கு விளக்கு வைத்தால் உட்கார்ந்ததும் முகம் இருட்டில் போய்விடும். ஆகவே பையன் அரைமண்டியில் உட்கார வேண்டும். "முட்டியை விரிடா. மூஞ்சியைத் தூக்கு. அபிநயம் பிடிக்கச் சொன்னேனா? சும்மா இரு." பையன் தொடை நடுங்க உட்கார்ந்திருப்பான். ஏணி மேல் இருப்பவர் அவசரப்பட மாட்டார். முறையாக நாட்டியம் படிக்காமலே இந்த நகரத்தில் அரைமண்டி கைவந்தவர்கள் எல்லாம் லைட் பசங்கள்தான்.

ஆறு மணிக்கு மேல் மனுக்கள் வரத் தொடங்கும். பெண்ணின் அம்மா வந்து, "சார், முகம் டல்லா இருக்கு, கொஞ்சம் பிரைட்டா..." என்பார். வீடியோக்காரர், "அண்ணே, ஃபுல் ஒயிட் கொடுங்க, கேமரா திணறுது" என்பார். குரு மட்டும் தயங்கித் தயங்கி, "வர்ணத்துக்கு இவ்வளவு வெளிச்சம் வேண்டாமே" என்பார். அண்ணன் மூவருக்கும் தலையாட்டுவார். அம்மாவுக்காக முகத்து விளக்கை அவர் ஏற்றுவதே இல்லை. பின்திரையின் நீலத்தை எழுபதிலிருந்து நாற்பதுக்கு இறக்குவார். கண் ஏமாளி. பின்னால் இருண்டதும் முகம் பளிச்சென்று முன்னே வரும். "தேங்க்ஸ் சார், இப்பதான் லட்சணமா இருக்கா" என்று அம்மா போய்விடுவார். குருவின் மனுவும் அதே கையோடு தீர்ந்துவிடும்.

அப்படியும் திருப்தி அடையாதவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இருக்கிறது 24-வது ஃபேடர். மேலும் கீழும் தள்ளும் அந்த வரிசையில் கடைசிக் குமிழ். எந்த விளக்கோடும் அதற்குச் சம்பந்தமில்லை. வீடியோக்காரர் மறுபடி வந்து நின்றால், அண்ணன் கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து, அதை அங்குலம் அங்குலமாக மேலே தள்ளுவார். "போதுமா? இன்னும் கொஞ்சம்?" "ஆங், அங்கயே நிறுத்துங்கண்ணே, சூப்பர்." சில பேர், "ஓவராயிடுச்சு, லேசா குறைங்க" என்பார்கள். அதையும் குறைத்துக் கொடுப்பார். கேட்டதைச் செய்யும் விளக்குகளைவிட இந்தச் செத்த ஃபேடருக்குத்தான் பாராட்டு அதிகம்.

பட்டுப்புடவை அவருக்குப் பரம வைரி. கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த கிளிப்பச்சைப் புடவை, ருத்ர தாண்டவத்தின் சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரியும். அந்தக் கணத்தில் முதல் வரிசையில் எழும் முணுமுணுப்பு அவர் காதில் விழும். புடவை எடுக்கும்போது கேட்டிருக்கலாமே என்பது அவர் கட்சி. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது; நகைக்கும் பூவுக்கும் யோசனை கேட்கிறவர்கள், அவற்றைக் காட்டப்போகிறவரை மட்டும் கேட்பதில்லை.

எல்இடி வந்ததில் அவருக்கு அரை மனசு. மின்சாரம் மிச்சம், சூடில்லை, நினைத்த நிறம் என்று வாயால் மெச்சுவார். ஆனால் ஹாலஜன் விளக்கை இறக்கினால் அது மஞ்சளாகி, சிவந்து, சாயங்காலம் போல அணையும். "இது எறங்குறதே இல்லங்க. கரண்டு பில் கட்டாத மாதிரி பொட்டுனு போவுது." துக்க வீட்டில்கூட இந்த வருத்தம் அவரை விடாது. மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, ஃப்ரீசர் பெட்டிக்குள் எரியும் வெள்ளை ட்யூபைப் பார்த்து, "வார்ம் போட்டிருந்தா மனுஷன் இன்னும் நிம்மதியாத் தெரிஞ்சிருப்பாரு" என்று என் காதில் சொன்னவர் அவர்.

பையனை ஒரு நாள் போர்டில் உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதில் ஒரு விபரீதம் நடந்தது. கண்ணன் பாட்டுக்காக நீலத்தைக் கூப்பிட்ட பையன், அதற்கு முன் தேர்ந்தெடுத்திருந்த பேச்சாளர் மேடை விளக்கை க்ளியர் பண்ண மறந்துவிட்டான். பாட்டு முடிந்து தலைமை விருந்தினர் எழுந்து மைக்கைப் பிடித்தார். ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. இளைஞர்களும் ஒழுக்கமும் பற்றிப் பேசினார். பேசி முடிக்கும்வரை கார்மேக வண்ணனாகவே நின்றார். அண்ணன் ஓடி வந்து பார்த்த பார்வையில் பையனுக்குப் போர்டின் மேல் நிரந்தர பயம் பிடித்துவிட்டது.

அந்தப் பயத்தின் பலனை அண்ணன் போன டிசம்பரில் அனுபவித்தார். வழக்கமாக நன்றியுரையில் 'ஒலி ஒளி அமைத்த நண்பர்களுக்கும்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அன்றைக்குக் குரு விடவில்லை. பொன்னாடை போர்த்தத்தான் வேண்டும் என்று அவரை மேடைக்கே அழைத்துவிட்டார். கூச்சத்தோடு ஏறி நடுவில் நின்ற அண்ணனுக்கு எதிரே எதுவும் தெரியவில்லை. அவரே காலையில் குறி பார்த்து வைத்த விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டு, "டேய், நாலை எறக்குடா!" என்று கத்தினார்.

பையன் போர்டைப் பார்த்தான். எது தேர்வாகியிருக்கிறது, எதைத் தொட்டால் யார் நீலமாவார் என்று ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் தைரியம் வந்து 24-வது ஃபேடரை மெதுவாகக் கீழே இழுத்தான்.

"இப்ப ஓகேவாண்ணே?"

அண்ணன் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார்.

"ஆங்... இப்பதான் கரெக்டா இருக்கு. அப்படியே வை."