அன்னாசிக்கு எந்த ஊர்?

கொல்லிமலை அன்னாசி சுத்தத் தமிழ்ப் பழம்தானே? பெயரிலேயே 'அன்னை' இருக்கிறதே!

'ஆசி'யும் இருக்கிறது. ஆனால் பழமும் சரி, பெயரும் சரி, நம்முடையவை இல்லை. இரண்டும் போர்த்துக்கீசியர் கப்பலில் சேர்ந்தே வந்திறங்கின. புறப்பட்ட இடம் தென் அமெரிக்கா. பெயருக்கு மூலமான, அங்குள்ள துபி-குவாரனி மொழிச் சொல்லுக்கு 'அருமையான பழம்' என்று பொருள் சொல்கிறார்கள். அந்தப் பயணத்துக்கு முன்னால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் எம்மாத்திரம்!

ஐரோப்பாவிலும் இதே பெயர்தானா?

பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, டச்சு, ரஷ்யன், ஸ்வீடிஷ் எல்லாவற்றிலும் 'அனனாஸ்'தான். எல்லைக்காக அத்தனை போர் நடத்தியவர்கள் பழத்துக்கு மட்டும் சண்டையே போடவில்லை.

ஆங்கிலேயர் மட்டும் ஏன் 'பைனாப்பிள்' என்கிறார்கள்? அதில் பைனும் இல்லை, ஆப்பிளும் இல்லையே?

அது முதலில் பைன் மரக் காயின் பெயர். 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பழத்தைப் பார்த்தவர்கள், சாயல் ஒத்துப்போகிறதே என்று பெயரைத் தூக்கி இதற்குச் சூட்டிவிட்டார்கள். பாவம், பைன் காய்தான் பெயரைப் பறிகொடுத்துவிட்டு 'பைன் கோன்' ஆகிவிட்டது. ஸ்பெயின்காரர்களும் அதே சாயலில் மயங்கி 'பின்யா' என்கிறார்கள்.

பிரேசில்காரர்களாவது பெருமையோடு 'அனனாஸ்' என்பார்கள் அல்லவா?

பெரும்பாலும் 'அபகஷி' என்பார்கள்! அதுவும் துபிச் சொல்தான்.

அங்கே 'அபகஷியை உரிப்பது' என்றால் தலைவலி பிடித்த ஒரு காரியத்தை முடித்துவைப்பது. கொல்லிமலையில் அன்னாசியைச் சீவி, மிளகாய்த்தூள் தூவித் தருபவர் காதில் இது விழுந்தால் விலையைக் கூட்டிவிடுவார்.