குக்கருக்கும் ஒரு மைக்

2018இல் ‘காலா’ படத்தில் மும்பைத் தாராவியின் டோப்அடெலிக்ஸ் ராப் குழு பாடினாலும் பாடியது, 90 அடிச் சாலைப் பக்கம் சந்துக்குச் சந்து ஒரு ஸ்டுடியோ. முதல் செலவே கண்டென்சர் மைக்தான். பெரிய ஸ்டுடியோவில் அதுதானே தொங்குகிறது! அங்கே சுவரெல்லாம் மெத்தை. இங்கே தலைக்கு மேலே தகரம். கண்டென்சருக்குக் காது கூர்மை. பக்கத்து வீட்டுக் குக்கரின் மூன்று விசில், மாடித் தையல் மெஷின், எல்லாம் பளிச்சென்று பதிவாகும். பாட்டும் இருக்கும், பின்னணியில்.

1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடித்தால் போதும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும், குக்கர் ஏறாது. ஆனால் நம் ராப் பையன் ஸ்டைலாக மைக்கின் வலைத்தலையைப் பொத்திக்கொள்வான். பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடும் வழி அங்கேதான் இருக்கிறது; அதை அடைத்தால் மேடையில் ஸ்பீக்கர் ஊளைதான்.

அதே மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் சபாக்களிலோ கர்நாடக சங்கீத வித்வான்கள் மைக்கைத் தொடுவதில்லை. “கொஞ்சம் ஏத்துங்கோ” என்று விரலைத்தான் உயர்த்துவார்கள். பாட்டுக்காரர் உயர்த்துவார், வயலின் உயர்த்தும், மிருதங்கம் இரண்டு விரலாக உயர்த்தும். மூவரும் கேட்டதைக் கொடுத்த மைக்செட்காரருக்கு நாலாவது வரிசை மாமாவிடம் திட்டு.