திருட்டு வானொலி

1985இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஒரு பெருங்குற்றம் நடந்தது. சிலர் கூடி, உரிமம் வாங்காமல், வானொலியில் ஐரிஷ் மொழியில் பேசினார்கள். அயர்லாந்து மண்ணில், ஐரிஷ்காரர்கள், ஐரிஷில்! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். ராடியோ ஃபால்ச்சா என்ற அந்த நிலையத்துக்குச் சட்டத்தின் அகராதியில் ஒரே பெயர்தான்: திருட்டு வானொலி.

திருட்டைப் பற்றிப் பேச அங்கிருந்த பிரிட்டிஷ் ஆட்சிக்கு முழுத் தகுதி உண்டு. நெடுநாள் அனுபவம். நீதிமன்றத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது, மீறினால் 20 பவுண்டு அபராதம் என்று 1737இலேயே சட்டம் போட்டாயிற்று. தெருப் பெயர்ப் பலகையில் ஆங்கிலம் மட்டுமே இருக்க வேண்டும் என்று 1949இல் இன்னொரு சட்டம். அது 1995 வரை உயிரோடு இருந்தது. 1971இல் பெல்ஃபாஸ்டில் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு ஐரிஷ் வழிப் பள்ளி தொடங்கியபோது, உதவி கேட்டவர்களுக்கு வழக்கு வரும் என்ற மிரட்டல்தான் கிடைத்தது. அரசு அங்கீகாரம் வர 1984 ஆயிற்று. வாயை, தெருவை, வகுப்பறையை எல்லாம் பிடுங்கிக்கொண்டவர்கள், காற்றில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொண்டவர்களைத் திருடர்கள் என்றார்கள்.

ராடியோ ஃபால்ச்சாவுக்கு முறையான உரிமம் கிடைத்தது 2006இல். 107.1 பண்பலையில் சட்டப்படி பேசலாம் என்று சொல்ல 21 ஆண்டு. அதே ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் ஒப்பந்தத்தில் ஐரிஷ் மொழிக்குத் தனிச் சட்டம் கொண்டுவருவதாக லண்டன் வாக்குக் கொடுத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே! வட அயர்லாந்தின் ஸ்டார்மாண்ட் சட்டசபையில் உட்கார்ந்திருந்த பூசாரிகள் பதினாறு ஆண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் சும்மா இருந்தார்களா? பாவம், ஓயாத உழைப்பு. 2014இல் கிரகரி கேம்பெல் என்ற உறுப்பினர் எழுந்து, ஐரிஷில் நன்றி சொல்வதைக் கறி, தயிர் என்று உளறிக் கேலி செய்தார். மன்னிப்புக் கேட்க மறுத்ததற்கு ஒரு நாள் பேசத் தடை. மொழிக்கு நீதிமன்றத்தில் 285 ஆண்டுக்குக் குறையாத தடை. மொழியைப் பழித்த வாய்க்கு ஒரு நாள்! 2016இல் மீன்வளக் கண்காணிப்புப் படகு ஒன்றின் ஐரிஷ் பெயரை அழித்து ஆங்கிலத்தில் எழுதினார்கள். மீன்கள் கெட்டுப்போய்விடக் கூடாதே. அதே ஆண்டு கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு, ஐரிஷ் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கான 50,000 பவுண்டு உதவித்தொகையை வெட்டிவிட்டு, அந்தக் கடிதத்திலேயே பண்டிகை வாழ்த்தும் சொன்னார்கள். ஊர் கொதித்தெழுந்த பிறகு சில வாரங்களில் பணம் திரும்பி வந்தது. 2017இல் கேம்பெலின் கட்சித் தலைவர் ஆர்லீன் ஃபாஸ்டர், மொழிச் சட்டம் கேட்பவர்களுக்கு விட்டுக்கொடுத்தால் தீனி கண்ட முதலை போலத் திரும்பத் திரும்ப வருவார்கள் என்றார். தாய்மொழியில் பெயர்ப் பலகை கேட்டவர்கள் முதலைகளாம்!

சரி, இது எதிரியின் வேலை. சொந்த வீட்டின் லட்சணம் என்ன? தெற்கே டப்ளினில் 1922 முதல் சொந்த ஆட்சி. 1937 அரசியல் சாசனம் ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்று சிம்மாசனத்தில் ஏற்றியது. ஏற்றியதோடு சரி, ஒலிவாங்கி கொடுக்க மறந்துவிட்டார்கள். 1970 ஈஸ்டரில் கானமாராவின் ராஸ் முக் கிராமத்தில் இளைஞர்கள் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிக் காட்டிய பிறகுதான் அரசுக்குச் சொரணை வந்தது. 1972இல் ஐரிஷ் பேசும் பகுதிகளுக்கென்று அரசு வானொலி பிறந்தது. விடுதலைக்கும் வானொலிக்கும் இடையே ஐம்பது ஆண்டு! தலைநகரிலோ 1993இல் ஒரு கூட்டுறவு அமைப்புதான் ராடியோ ந லிஃபே என்ற சமூக வானொலியைத் தொடங்கியது. அயர்லாந்துக் குடியரசின் 2022 கணக்கெடுப்பில் தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 18.7 லட்சம் பேர். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000. மேடைக்கு மாலை, வீட்டுக்கு ஆங்கிலம்.

வடக்கே, கடைசியில் 2022இல் லண்டனே இறங்கிவந்து மொழிச் சட்டம் நிறைவேற்றியது. 1737இன் அசிங்கத்தை நீக்கவும் அதில்தான் வழி செய்யப்பட்டது. ஆனால் எதிர்ப்பு ஓயவில்லை. 2025இல் பெல்ஃபாஸ்ட் கிராண்ட் சென்ட்ரல் ரயில்-பேருந்து நிலையத்தில் ஐரிஷ் பலகை வைக்க 150,000 பவுண்டு ஒதுக்கினால், அதுவும் வழக்காயிற்று. ஐரிஷ் பேசினால் அபராதம் விதித்த நீதிமன்றத்துக்கு ஐரிஷ் பலகையையே இழுத்துப் போனார்கள்.

ராடியோ ஃபால்ச்சா 2018இல் ஃபால்ஸ் சாலைப் பக்கம் சொந்தக் கட்டடத்துக்குப் போய்விட்டது. தன்னார்வலர்கள் வந்து ஒலிபரப்புகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 12.4 விழுக்காட்டினர் தங்களுக்கு ஓரளவாவது ஐரிஷ் தெரியும் என்று பதிந்திருக்கிறார்கள். அமைச்சர் பெருமக்களே, இவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய உபகாரம் இரண்டுதான்: சேர வேண்டிய பணத்தை நேரத்துக்குக் கொடுங்கள், கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பேசுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.