காசு குடுத்துக் கழுதை மேய்ச்ச கதை

லியோன், பிரான்சு
ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள அப்பிச்சிக்கு,

அமுச்சி போன்ல, "லீவுக்கு எங்க சாமி போனீங்க?"ன்னு கேட்டப்ப, "மலைக்கு"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திக்கிட்டேன். மிச்சத்தைச் சொல்றதுக்குக் கடுதாசிதான் தோது. கழுதை மேய்க்கப் போனோமுங்க. படிக்காட்டிக் கழுதை மேய்க்கத்தான் போகோணும்னு கட்டுத்தறிப் பக்கம் நின்னு என்னை எத்தனை வாட்டி வஞ்சிருப்பீங்க! படிச்சு, இன்ஜினியராகி, பிரான்சுக்கு வந்து பம்பு டிசைன் பண்ணி, அந்தச் சம்பளத்துல நாளைக்குச் சுமார் 50 யூரோ வாடகை கட்டி மேய்ச்சேனுங்க. ரூபாய்க்கு எவ்வளவுன்னு கணக்குப் போடாதீங்க.

நாங்க போன ஊரு தெக்க, செவென் மலைங்க. இந்தக் கூத்தை ஆரம்பிச்சு வெச்சது ‘புதையல் தீவு’ எழுதின ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். 1878-ல, மனசுக்குப் புடிச்சவங்க அமெரிக்காவுக்குப் போயிட்ட வெசனத்துல, மொதெஸ்தின்னு ஒரு பெட்டைக் கழுதையை 65 பிராங்கும் ஒரு கிளாஸ் பிராந்தியும் குடுத்து வாங்கி, 12 நாள் இந்த மலையில நடந்திருக்கறாரு. கழுதை மேல ஏறிப் போகலைங்க. தூங்கறதுக்குன்னு அவரே யோசிச்சுத் தெக்கச் சொன்ன பையி அவரால தூக்க முடியாத பாரம், அதைச் சுமக்கத்தான் கழுதை. கடைசியில கழுதையைச் சேணத்தோட சேத்து 35 பிராங்குக்கு வித்துட்டாரு. சந்தையில இப்படி வித்துட்டு வந்தா நீங்க வூட்டுக்குள்ள சேப்பீங்களா? ஆனா அடுத்த வருசம் அவரு அதைப் பொஸ்தகமாப் போட்டதுல, இன்னைக்கு வரைக்கும் அந்த மலைக்காரங்களுக்கு வருமானம். ஜி.ஆர். 70-ன்னு நம்பர் போட்டு அந்தத் தடத்தை வெச்சிருக்கறாங்க. நாங்க நடந்தது அதுல ஒரு துண்டுதான், லொசேர் மலையைச் சுத்தி. உச்சி 1,699 மீட்டர். ஊட்டியே 2,240 மீட்டருங்க, இதென்ன மலைன்னு நானும் ஏளனமாத்தான் போனேன்.

கழுதை வாடகைக்கு விடற பண்ணைக்காரம்மா பாடம் எடுத்துட்டுத்தான் கயித்தைக் கையில குடுத்தாங்க. நம்ம ஆளு பேரு கேரமல். சாம்பல் உடம்பு, முதுகுல சிலுவை கிழிச்சாப்பல கருங்கோடு. 40 கிலோவுக்கு மேல பொதி ஏத்தக்கூடாதாம். ரெண்டு பக்கப் பையும் ஒரே எடை இருக்கோணும், இல்லாட்டி நடக்க நடக்கச் சேணம் சரிஞ்சு வயித்துக்கடியில போயிரும். அதுக்குன்னே ஒரு ஸ்பிரிங் தராசு குடுக்கறாங்க. விடிஞ்சா எங்கூட்டுக்காரி தராசைத் தூக்கிப் புடிச்சுட்டு நிப்பா. அமுச்சி குடுத்தனுப்பின பருப்புப்பொடி டப்பா இடப்பையில இருந்து வலப்பைக்கும், வலப்பையில இருந்து இடப்பைக்கும் ஊர்வலம் போகும். அதுக்கு முந்தி உடம்பு பூரா பிரஷ் போட்டுத் தேய்க்கோணும். சேணத்துக்கடியில ஒரு முள்ளு இருந்தாலும் புண்ணாயிரும். அப்புறம் நாலு காலையும் ஒவ்வொண்ணாத் தூக்கி, குளம்புல சிக்கின சரளையைக் கொக்கி வெச்சு நோண்டி எடுக்கோணும். ஒரு காலைத் தூக்கினதும் கேரமல் தன் பாரத்தைப் பூராவும் என் மேல சாச்சுட்டுக் கண்ணை மூடிக்கும். நம்மூர்க் கடையில "என்னைப் பார் யோகம் வரும்"னு கழுதைப் படம் மாட்டி வெச்சிருப்பாங்களே, அதுல முகம் தெரியும். எனக்குப் பகலெல்லாம் தெரிஞ்சது வாலுதானுங்க.

உங்க கொள்ளுப்பேரன் பக்கத்துத் தெருக் கடைக்கு நடக்கச் சொன்னாலே காலு வலிக்குதும்பான். மலையில, கயிறு யாரு புடிக்கறதுன்னு அக்கா பாப்பாவோட சண்டை கட்டிக்கிட்டே பொழுதோட வரைக்கும் நடந்துட்டானுங்க. இங்க குடும்பங்க கழுதை எடுக்கறதோட சூட்சுமம் அதுதான். சாமான் தூக்கறது சாக்கு, புள்ளைங்களை நடக்க வெக்கறதுதான் அதுக்கு நெசமான வேலை. போற வழியில அதை ஒரு வாய் புல்லு கடிக்க விட்டா, அப்புறம் நாம சொல்றது எதையும் கேக்காதுன்னு அந்தம்மா கண்டிச்சுச் சொல்லியிருந்தாங்க. வீட்டுல எங்க பேச்சை யாரு கேக்கறாங்க? சின்னவன் ஒருத்தன் அதட்டினாத்தான் கேரமல் முள்ளுச்செடியில இருந்து வாயை எடுத்துச்சு.

ல போன் த மோன்வேர்னு ஒரு ஊருங்க. தார்ன் ஆத்து மேல கூன் விழுந்த கல்பாலம், அதுல ஒரு மணிக்கூண்டு. பாலத்து நடுவுல நெழல் விழுந்த எடத்துல கேரமல் நின்னுருச்சு. கறுப்பா ஒண்ணு தெரிஞ்சாக் குழியோ தண்ணியோன்னு அதுக்குச் சந்தேகம். பாலத்து ரெண்டு பக்கமும் சனம் கூடி ஆளுக்கொரு ரோசனை சொல்லுது. ஒரு பெரியவரு வந்து புட்டத்துல தோளைக் குடுத்துத் தள்ளிப் பாத்தாரு. நான் நீங்க எருதுக்குக் குடுக்கற சத்தத்தை அப்படியே குடுத்தேன். பிரெஞ்சுக்கும் மசியலை, கொங்குத் தமிழுக்கும் மசியலை. பாப்பா பையில இருந்த பிஸ்கட் பொட்டலத்தைச் சரசரன்னு பிரிச்சா பாருங்க, பாலம் முடிஞ்சு கடைவீதி வரைக்கும் ஓட்டந்தான்.

"ஏன், ரோடு இல்லையா?"ன்னு கேப்பீங்க. நல்ல தார் ரோடே இருக்குதுங்க. நம்ம பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு 2024 தேர்தலுக்குக்கூட ஓட்டு மிஷினைக் கழுதை மேல ஏத்திக்கிட்டுப் போனாங்க. அந்த மலைச்சனம் ரோடு போட்டுக் குடுங்கன்னு கேட்டுட்டிருந்துச்சு. இங்க வர்றவங்க ரோட்டை விட்டு எறங்கறதுக்குப் பணம் கட்டறாங்க. கோட்டூருக்காரரு ஒருத்தரை இங்க கூட்டியாந்து காட்டினா என்ன சொல்லுவாருன்னு நெனச்சு, நடக்கறப்பவே ரெண்டு வாட்டி சிரிச்சுட்டேன்.

உங்களுக்குன்னே ஒரு சேதி வெச்சிருக்கறேன். இந்தச் சீமையும் ஒரு காலத்துல நம்ம உடுமலையாட்டப் பட்டுப்புழுச் சீமைதானுங்க. பள்ளத்தாக்குல இன்னமும் மல்பெரி மரம் நிக்குது. நாம செடியா வெட்டி வெட்டி வளத்தறோம், இவங்க மரமா விட்டிருக்கறாங்க. நீங்க பெப்ரின்னு சொல்லிப் பயப்படற அதே புழுநோவு வந்து இந்த ஊருங்க நொடிச்சுப் போச்சு. 1865-ல லூயி பாஸ்டரே பக்கத்துல அலேஸ் ஊருக்கு வந்து, அஞ்சு சீசன் புழுவோட மல்லுக்கட்டியிருக்கறாரு. முட்டை போட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்புல பாக்கறது, கிருமி இருந்தா அது போட்ட முட்டையைப் பூராவும் அழிச்சுடறது. நீங்க வாங்கற நோயற்ற முட்டைத்தொகுதி இன்னைக்கும் அந்தச் சோதனையில தேறித்தான் வருது. கழுதையை ஒப்படைச்சுட்டு சேன்-ழான்-து-கார் ஊர்ல நூற்பாலை ஒண்ணைப் பாத்தோம். 1965-ல மூடினதை இப்ப மியூசியமா வெச்சிருக்கறாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள பட்டுக்கூடு! பாப்பா, "அப்பிச்சி வூட்டுல சாக்குச் சாக்கா இருக்குது"ன்னு அங்கிருந்த அம்மாகிட்டச் சொல்லிட்டா. அவங்க நம்பலை. ரெண்டு கூடு தபால்ல அனுப்பி வெச்சீங்கன்னா நல்லதுங்க.

பிப்ரவரி லீவுக்கு நாலு பேரும் ஊருக்கு வர்றோம். பழனிக்கு நடந்தே போகோணும்னு புள்ளைங்க ஒத்தக்கால்ல நிக்குதுங்க. கழுதை இல்லாம ஒரு எட்டு வெக்க மாட்டேன்னு சின்னவன் கண்டிசன் போட்டுட்டான். உங்க பக்கம் வாடகைக்கு ஒண்ணு கெடைக்குதான்னு பொட்டாட்ட விசாரிச்சு வையுங்க. அமுச்சி காதுக்குப் போக வேண்டாமுங்க.

இப்படிக்கு,
உங்க பேரன்

பி.கு.: தீவனத்துக்குச் சோளத்தட்டு போதும். பிஸ்கட் நான் கொண்டாறேன்.