நாயோடு தங்க ஓர் அறை

நாயைக் கூட்டிக்கொண்டு கோலார் தங்கவயலுக்கு வருகிற புண்ணியவான்களே, அறை எடுக்குமுன் நீங்கள் கேட்கிற கேள்விகளில் ஒரு குறையும் இல்லை. இடம் போதுமா, காற்று வருமா, காலைக்கடனுக்குப் புல்தரை உண்டா? வாயில்லா ஜீவன், நீங்கள்தான் கேட்க வேண்டும். வாயுள்ள ஜீவன்களுக்காக இந்த ஊரில் சுரங்கம் ஓடிய 120 வருஷத்தில் எவனும் இதைக் கேட்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

1880-இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியது. துரைகளுக்கு பங்களா, தோட்டம், கிளப், கோல்ஃப் மைதானம். ‘குட்டி இங்கிலாந்து’ என்று பட்டப்பெயர் வேறு. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் ஆட்களுக்கு, அதில் பெரும்பாலோர் தலித்துகள், லைன் வீடு. மூங்கில் தட்டிச் சுவர், ஒரே அறை. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், கிழவி, வேலை தேடி வந்த மச்சான், எல்லோரும் அதற்குள். ஒரு லாப்ரடாரை இந்த நெருக்கடியில் அடைத்தால் இன்று போலீஸ் வரும்.

நாய்க்கு உஷ்ணம் ஆகாது, ஏசி அறையாகப் பாருங்கள். நம் ஆட்கள் இறங்கிய சாம்பியன் ரீஃப் மைன் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறைச் சூடு 60 டிகிரியைத் தாண்டும். சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் 1902-லேயே இங்கு வந்தது, பெங்களூருக்கும் முன்னால். வந்தது மைனுக்கு. லைன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தால் தங்கம் குறைந்துவிடாது, அல்லவா?

நாயின் கழுத்துப் பட்டையில் பெயரும் எண்ணும் இருக்கட்டும், தொலைந்தால் கண்டுபிடிக்கலாம். தொழிலாளியையும் தொலையவிடாமல் வைத்திருக்கத்தான் கைரேகைப் பதிவைக் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்து 1930-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டையைக் கட்டும்போது நாய்கூடக் கொஞ்சம் திமிறத்தான் செய்யும்.

கழிப்பிடத்துக்கு வருவோம், மற்றதையெல்லாம் மன்னித்தாலும் இதை மன்னிக்க முடியவில்லை. நடைக்குப் போகும்போது ஒரு பையை எடுத்துக்கொண்டு போய் நாயின் கழிவை நீங்களே அள்ளுகிறீர்கள். நல்ல பழக்கம். இங்கே மனிதர்களின் கழிவை அள்ள மனிதர்களையே வைத்திருந்தார்கள். பெஜவாடா வில்சன் 1966-இல் இந்த ஊரில் பிறந்தவர். உலர் கழிப்பறைகளில் மலம் அள்ளிய குடும்பம். அந்த வேலையை ஒழிக்கப் போராடியதற்காக 2016-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. வெள்ளைக்காரன் கொடுமை என்று தப்பிக்காதீர்கள். 1956-இலேயே சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்தாயிற்று. துரை விட்டுப்போன பங்களாவில் நம் அதிகாரி குடியேறினார். துரை விட்டுப்போன வாளி அதே கைகளில் இருந்தது.

காலையில் நாய் ஓடியாடச் சயனைடு மலை இருக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண், ஊருக்கு நடுவே குன்று குன்றாக நிற்கிறது. சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம். நாயை மோப்பம் பிடிக்க மட்டும் விடாதீர்கள், உடம்புக்கு ஆகாது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசியை மூச்சாக இழுக்கிற குழந்தைகளைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை, அவர்கள் உள்ளூர்.

800 டன்னுக்கும் மேல் தங்கத்தை வாரிய பிறகு, 2001 பிப்ரவரி 28-இல் கடையை மூடினார்கள். இப்போது மைன்காரனின் பேரன் விடிவதற்குள் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் பெங்களூரு வண்டியைப் பிடிக்கிறான். உங்கள் நாய்க்கு ரயில்வே விதியில் மரியாதை உண்டு: முதல் வகுப்பில் கூப்பே முழுவதையும் பதிவு செய்தால் உங்களோடு வரலாம். பேரனுக்கு வாசலில் ஒற்றைக்கால் வைக்க இடம். பெங்களூரில் நாய்களை அனுமதிக்கிற ஏதோ ஒரு ஓட்டலில் உங்கள் செல்லத்தின் மெத்தையை உதறிப் போடுகிறவன் அவனாகவும் இருக்கலாம். போகும்போது டிப்ஸாகப் பத்து ரூபாய் நீட்டுவீர்கள். நாய் பிஸ்கட் பாக்கெட் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.