நேமத்தான்பட்டித் திண்ணைகளில் பிளே ஆஃப் மதிப்பீடு: ஒரு தொடக்கநிலை ஆய்வு

பிளே ஆஃப் மதிப்பீடு என்பது, சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ஏன் வென்றது, ஏன் தோற்றது, ஏன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்பதை, ஆட்டத்தில் ஒரு பந்தும் போடாதவர்கள் கூடித் தீர்த்துவைக்கும் கலை. செட்டிநாட்டு ஊரான நேமத்தான்பட்டியின் திண்ணைகளில் இது மே மாதக் கடைசியில் துளிர்த்து, அடுத்த ஏலம் வரை வாடாமல் நிற்கும்.

‘பிளே ஆஃப்’ ஆங்கிலச் சொல் என்று கருதுவோர் உண்டு. ‘பிழை’, ‘ஆப்பு’ என்னும் இரு செந்தமிழ்ச் சொற்களின் புணர்ச்சியே அது என்பதும், பிழைத்தவனுக்கு ஆப்பு என்பதே மூலப்பொருள் என்பதும் திண்ணை மரபின் துணிபு (கிழக்குத் திண்ணை, முதல் தம்ளர்). உலகத்துச் சொற்களுக்கெல்லாம் தமிழ் வேர் கண்டு தொகுதி தொகுதியாக வெளியிட்ட அறிஞர்கள் இதை மட்டும் விட்டுவைத்தது, அவர்கள் காலத்தில் ஐ.பி.எல். நடக்காத குறையால்தான்.

அணியின் வரலாறு நான்கு காலங்களாகப் பகுக்கப்படும். 2008 முதல் 2015 வரை பொற்காலம்: எட்டுப் பருவங்களிலும் முதல் நான்கு இடத்துக்குள், ஆறு இறுதியாட்டம், 2010, 2011 இரண்டு கோப்பை. 2016, 2017 இருண்ட காலம். அணி தடையில் இருந்தது, தோனி புனேவுக்கு ஆடினார், சான்றுகள் அரிது. (வரலாறு என்று இருந்தால் அதில் ஓர் இருண்ட காலம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முனைவர் பட்டத்துக்கு வருபவர்கள் எங்கே போவார்கள்?) 2018 முதல் 2023 வரை மறுமலர்ச்சி: மூன்று கோப்பை. அதன் பின்னது பிற்காலம்.

2019 இறுதியாட்டத்தில் தோனி ரன் அவுட்டா இல்லையா என்ற வினாவை இவ்வாய்வு தொடாது. தொட்ட பங்காளிகள் இன்னும் எதிரெதிர்த் திண்ணையில்தான் உட்காருகிறார்கள்.

மதிப்பீட்டு முறைகளுள் தலையாயது ஐந்தொகை முறை. ஒரு ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஒரு ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது நெட் ரன் ரேட். பதினெட்டு ஓவர் மூன்று பந்து என்பதைக் கணக்கில் 18.5 என்று எழுத வேண்டும். பத்து விக்கெட்டும் விழுந்துவிட்டால் ஆடாத ஓவருக்கும் சேர்த்து இருபதால் வகுக்க வேண்டும். வட்டிக் கணக்கில் ஊறிய ஊருக்கு இது பெரிய வித்தையல்ல. 2024இல் பெங்களூரும் சென்னையும் தலா 14 புள்ளி, பெங்களூருக்கு +0.459, சென்னைக்கு +0.392. இந்த மூன்றாம் தசமத்தைப் பற்றி வளவுக்குள் நடந்த வாதம் காலைப் பலகாரம் ஆறும் வரை நீண்டது (முகப்பு, இரண்டாம் தம்ளர், ஒப்புநோக்குக: அதே முகப்பு, இட்லி வந்த பின்).

இனி மையப் பொருள். 2024 மே 18, பெங்களூர் சின்னசாமி மைதானம். பெங்களூர் 218 எடுத்திருந்தது. சென்னை வெல்லக்கூட வேண்டாம், மேற்படி நெட் ரன் ரேட் கணக்குப்படி 201 எடுத்தால் பிளே ஆஃப். கடைசி ஓவருக்குத் தேவை 17. யஷ் தயாள் போட்ட முதல் பந்தைத் தோனி 110 மீட்டர் தூக்கி அடித்தார். பந்து மைதானத்தைத் தாண்டி வெளியே போயிற்று. அடுத்த பந்தில் அவுட். மிச்ச நான்கு பந்தில் ஒரே ரன். மொத்தம் 191. பத்து ரன் பற்று விழுந்தது.

இங்கேதான் பந்து போனதியல் என்னும் தனித்துறை பிறக்கிறது. இதில் மூன்று பள்ளிகள் உண்டு.

ஈரப்பந்துப் பள்ளியார் கூற்று: அன்றைக்கு மழை பெய்திருந்ததால் பழைய பந்து ஈரம், கைப்பிடிக்கு நிற்காது. பந்து வெளியே போனதால் காய்ந்த பந்து வந்தது, அதைத் தயாள் இறுகப் பிடித்தார், தோனி போனார். ஆகவே தோல்விக்குக் காரணம் அந்த சிக்ஸர். பெங்களூர் அணியில் இருந்த நம்மூர் தினேஷ் கார்த்திக்கே ஆட்டம் முடிந்ததும் இதே கருத்தைச் சொன்னதால், இப்பள்ளிக்கு மெய்க்கீர்த்தி வாய்த்தது.

கூரைப் பள்ளியார் கட்டட இயலை ஏற்பவர்கள். கூரை இன்னும் நாலு முழம் உயர்ந்திருந்தால் பந்து முட்டி உள்ளே விழுந்திருக்கும், ஈரமும் அப்படியே இருந்திருக்கும். நிலையையும் உத்திரத்தையும் நாள் பார்த்து வைக்கிற ஊரில் இப்படியொரு பிழை நேராது என்பது இவர்கள் கட்சி (டீக்கடை, மேற்குப் பெஞ்சு, பால் தீர்ந்த நேரம், மின்வெட்டால் சிதைந்த பகுதி ஊகித்து நிரப்பப்பட்டது).

மூன்றாவது, நான்கு முழப் பாடபேதப் பள்ளி. மேற்படிக் கூற்றில் ‘நாலு முழம்’ என்பது ‘நாலு மழை’ என்பதன் ஏட்டுப் பிழையா என்பதே இவர்கள் ஆய்வு. பந்தைப் பற்றி இவர்களுக்குக் கருத்தில்லை. ஆயினும் மூன்றனுள் அதிக மேற்கோளும் மாலை மரியாதையும் பெறுவது இப்பள்ளியே (டீக்கடை, மேற்படி பெஞ்சு, பஜ்ஜி சுற்றிய தாள், பின்பக்கம், எண்ணெய் படாத மூலை, மறுப்பு: அதே தாள், எண்ணெய் பட்ட மூலை, மறுப்புக்கு மறுப்பு: தாள் குப்பைக்குப் போனதால் கிடைக்கவில்லை, எனினும் வலுவானது).

சிங்கப்பூர் மரபு: அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், மதிப்பீடு தூக்கத்திலேயே நிகழும்.

ஆச்சிமார் மரபு: “அந்தப் பய இன்னும் ஆடுறானா?”

சொந்த மண்ணின் அணியையும் குறிக்காமல் விடலாகாது. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியபோது காரைக்குடி காளை என்றோர் அணி இருந்தது. பிறகு அது பெயரை மாற்றித் திருப்பூர் தமிழன்ஸ் ஆகி, 2025இல் கோப்பையும் வாங்கியது. இதை மதிப்பிட யாரும் முன்வரவில்லை.

பிளே ஆஃப் செல்லாத ஆண்டில் பிளே ஆஃப் மதிப்பீடு செய்வது எங்ஙனம்? 2025இல் சென்னைக்குப் பதினான்கு ஆட்டத்தில் நான்கு வெற்றி, பத்தாம் இடம். கடைசி இடம் வாய்த்தது அதுவே முதல்முறை. அவ்வாண்டு பதினெட்டாம் பருவத்தில் பெங்களூர் முதல் கோப்பை வாங்கியது. திண்ணை அதை ஈரப்பந்தின் தொலைவிளைவாகவே பதிந்துகொண்டது.

எதிர்காலப் பகுதியில் முதல் வினா, தோனி அடுத்த ஆண்டு ஆடுவாரா என்பது. அவர் பிறந்தது 1981. வினா 2020இலிருந்து நிலுவையில் உள்ளது. பதினேழு வயதில் இறங்கிய ஆயுஷ் மாத்ரேயை வரவில் வைப்பதில் கருத்து வேறுபாடில்லை. 2025 டிசம்பர் ஏலத்தில் இந்தியாவுக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி கொடுத்தது, ஈடு வாங்காமல் கொடுத்த கடனாகக் குறிக்கப்பட்டுள்ளது.

அதற்கு முந்தைய மாதம் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை எடுத்ததைத் திண்ணை வியாபாரமாகக் கொள்வதில்லை, கல்யாணமாகவே கொள்கிறது. இசைகுடிமானம் எழுதியாகிவிட்டது, மாப்பிள்ளை கேரளத்துப் பிள்ளை, சாமான் இரண்டு போய்விட்டது. சிக்கல் முதல் சாமானில். 2023 அகமதாபாத் இறுதியாட்டத்தில், நள்ளிரவு தாண்டி, மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்துக் கோப்பையை எடுத்துத் தந்த ஜடேஜா அது. வெள்ளிக் குடத்தைப் போட்டு எவர்சில்வர் எடுத்த கதை என்கிறது ஒரு கட்சி. “குடம் நசுங்கிப்போச்சுண்ணே” என்கிறது மறு கட்சி. நசுங்கினாலும் வெள்ளி வெள்ளிதானே, நிறுத்துப் பார்த்தால் என்ன விலை போகும் என்று மூன்றாம் கட்சி தொடங்கும்போது, தம்ளர்களை எடுக்க உள்ளேயிருந்து ஆள் வந்துவிட்டது (கிழக்குத் திண்ணை, மூன்றாம் தம்ளர், அடிமண்டி).