72 மணி நேரக் கருணை

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு, காசு கட்டாமலே மென்பொருளின் உரிமப் பூட்டைத் திறந்துவிடும் கிராக் செய்திருக்கும் உபகாரத்தை இதுவரை யாரும் முறையாகப் பாராட்டியதில்லை. விண்டோஸ் உரிமத்தின் விலை 10,000 ரூபாயை ஒட்டி நிற்கிறது. போட்டோஷாப்புக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். கிராக் ஒரு பைசா கேட்பதில்லை. வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரியா என்று விசாரிப்பதில்லை. மஞ்சக்குப்பத்தில் மனு அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைக்கும், அண்ணாமலை நகரில் ஆய்வேடு அச்சிட்டு பைண்டிங் போடும் கடைக்கும் அதன் கை ஒரே மாதிரி நீளும். அடோபி கைவிட்டு எவ்வளவோ காலமான பேஜ்மேக்கர் 7-இல், பாமினி எழுத்துருவில், எத்தனை பேரின் எம்.ஃபில். பட்டம் உருவாகியிருக்கிறது!

ஏற்கெனவே உரிமம் இருப்பவர்களுக்கும் கொடுத்தது அது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில், முதலில் வந்த கருவிகளில் உரிமம் உள்ள விண்டோஸ் இருந்தது. கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. “இது ஸ்டார்டர்தான் தம்பி, அல்டிமேட் போட்டுக்கலாம்” என்று சொல்லி, இருந்த இரண்டையும் அழித்துவிட்டு இல்லாத உரிமத்தை வாரி வழங்கியது கிராக். அது பிடிபட்டுவிடக் கூடாது என்று விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தி வைத்தார்கள். 2017 மே 12-இல் உலகை உலுக்கிய வானாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது. கிராக்கை நம்பியவர்களை அந்த அப்டேட் தொந்தரவு எட்டவில்லை.

அதன் நேர்மை கொடையைவிடப் பெரிது. நிறுவுவதற்கு முன்பே, ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு என்னைத் திற என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். காவல்காரனை வெளியே அனுப்பு, பிறகு வருகிறேன் என்று வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டு வரும் விருந்தாளியை வேறெங்கும் பார்க்க முடியாது. நாமும் அதன் சொல்லைத் தட்டியதில்லை.

2018-இல் அது தன் தோளில் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு வந்தது. ஸ்டாப் என்று பெயர். கோப்புகளின் வாலில் அது ஒட்டிய பின்னொட்டுகளில் ஒன்றை வைத்து டிஜேவியூ என்றும் சொல்வார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மற்ற ரான்சம்வேர்கள் மருத்துவமனை, கப்பல் கம்பெனி என்று பெரிய இடமாகத் தேடிப் போயின. ஸ்டாப் வீடுகளைத் தேடி வந்தது. அதன் நாகரிகத்தைச் சொல்லி முடியாது. கோப்புகளைப் பூட்டும் நேரத்தில் நாம் பதறக் கூடாதென்று, விண்டோஸ் அப்டேட் நடப்பது போன்ற ஒரு திரையைக் காட்டி உட்கார வைக்கும். எந்த நாட்டில் இருக்கிறோம் என்று பார்த்து ரஷ்யா, உக்ரைன், கஜகஸ்தான், சிரியா முதலிய சில நாடுகளை விட்டுவிடும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. வேலை முடிந்ததும் சொல்லாமல் போகாது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம் வைக்கும்: மீட்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, நம்பிக்கைக்கு ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுகிறோம். அந்தப் பாதி விலை நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கு மேல். 10,000 ரூபாயை மிச்சப்படுத்திக் கொடுத்த வள்ளலின் கூட்டாளி, தள்ளுபடி போக இவ்வளவுதான் கேட்கிறார்.

சிக்கனத்திலும் அதற்கு ஈடில்லை. ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டும். அதனால் பெரிய சினிமா கோப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம், பட்டாவின் ஸ்கேன், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்ற சின்னக் கோப்புகளைத்தான் முழுதாக எடுத்துக்கொள்ளும். கடலூர்க்காரர்களுக்குக் காகிதத்தின் ஆயுள் தெரியும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தது; 2015-இல் வெள்ளம் வந்தது. கல்யாண ஆல்பம் தண்ணீரில் ஊறி ஒட்டிக்கொண்ட வீடுகளில், மிஞ்சியதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்தார்கள். தண்ணீர் பாக்கி வைத்ததைக்கூட ஸ்டாப் மறக்கவில்லை.

விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளை ஸ்டாப் முதலிலேயே அழித்துவிடும். கைவைத்தியம் சொல்லும் இணையதளங்கள் திறக்காதபடி ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தி வைக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் தன்னோடு வந்த திருட்டு நிரலிடம் ஒப்படைக்கும். ‘டைம் ட்ரிக்கர் டாஸ்க்’ என்ற பெயரில் ஒரு வேலையைப் பதிவு செய்துகொண்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து புதிதாக ஏதாவது கோப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும். பதறிப்போய் அந்தக் கம்ப்யூட்டரிலேயே பேக்அப் பென்டிரைவைச் செருகியவர்களுக்கு அந்தச் சுறுசுறுப்பு நன்றாகத் தெரியும்.

இவ்வளவு செய்தும் ஸ்டாப்பின் வேலை அரைகுறைதான். பூட்டிய கோப்பு பூட்டியபடியாவது டிஸ்க்கில் இருக்கிறதே! அதை முழுமையாக்கித் தர நம் ஊர் சர்வீஸ் கடைகளில் ஃபார்மட் இருக்கிறது.

“டேட்டா ஏதும் வேணுமாண்ணே?”

“எல்லாம் அதுலதான் தம்பி இருக்கு.”

“வைரஸ் அடிச்சிட்டுண்ணே, ஒண்ணும் திறக்காது. ஃபார்மட் போட்டாத்தான் சரியாவும்.”

இதைவிட வேகமான சிகிச்சை கிடையாது. சாயங்காலத்துக்குள் மெஷின் பளிச்சென்று கைக்கு வந்துவிடும். வைரஸ் போய்விடும், அதன் கடிதம் போய்விடும், கோப்புகளும் போய்விடும். பிறகு அதே கிராக்கை மறுபடி போட்டுத் தருவார்கள், கூடுதல் காசில்லாமல்.

2019 அக்டோபர் 18-இல் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமும் அமெரிக்க ரான்சம்வேர் ஆய்வாளர் மைக்கேல் கில்லெஸ்பியும் ஸ்டாப்பின் 148 வகைகளுக்கு இலவசத் திறப்புக் கருவி வெளியிட்டார்கள். பழைய வகைகளுக்கு அது கேட்டது ஒன்றுதான்: பூட்டிய கோப்பு ஒன்றும், பூட்டாத அதே கோப்பு ஒன்றும். ஆய்வு நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய அத்தியாயம் 150 கிலோபைட்டுக்கு மேல் இருந்தால் போதும், அதே வகைக் கோப்புகளைத் திறக்க வழி பிறக்கும். வாட்ஸ்அப்பில் போன படம் உதவாது. அது சுருங்கிப் போய் வேறு கோப்பாகிவிடும். 2019 ஆகஸ்டுக்குப் பின் வந்த வகைகள் கடினமானவை. பூட்டும் நேரத்தில் வைரஸால் தன் சர்வரை எட்ட முடியாமல் போயிருந்தால் மட்டுமே வாய்ப்பு. சி டிரைவில் ‘சிஸ்டம்ஐடி’ ஃபோல்டருக்குள் உள்ள அடையாள எண் ‘t1’ என்று முடிந்தால் அப்படி நடந்திருக்கிறது என்று பொருள். அந்த வகையின் சாவி என்றைக்காவது வெளியே வந்தால் கோப்புகள் திறக்கும். டிஸ்க்கை எடுத்து வைத்தவர்களுக்குத்தான் இதெல்லாம். சாயங்காலத்துக்குள் மெஷின் வேண்டும் என்றவர்களுக்கு அந்தக் கருவி திறப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

ஸ்டாப்பை நீக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும், பென்டிரைவ் எதையும் செருகக் கூடாது. பூட்டிய கோப்புகள், அந்தக் கடிதம், அடையாள எண் மூன்றையும் சுத்தமான வேறொரு கம்ப்யூட்டர் வழியாகத் தனி டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். பாஸ்வேர்டுகளை, முக்கியமாக மின்னஞ்சலுடையதையும் வங்கியுடையதையும், போனிலிருந்து அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். பணம் பறிபோயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் போட வேண்டும். விண்டோஸைப் புதிதாகப் போடுவது இவற்றுக்குப் பிறகுதான். காசில்லை என்றால் லினக்ஸ் இருக்கிறது, அதற்குக் கிராக் தேவையில்லை. 2017 பிப்ரவரி 21 முதல் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

இத்தனையும் நினைவில் நிற்காது என்றால் கடையில் இதை மட்டும் சொல்லுங்கள்: “தம்பி, அந்த டிஸ்க்கில கை வைக்காதப்பா. கழட்டி என்கிட்ட குடுத்துடு, வேற டிஸ்க் போட்டுக்கலாம்.”